ஒன்பதோடு நின்றுபோன எண்ணிக்கை: ஜப்பானியப் பேய்க்கதைகள் வீடியோ கேம்களுக்குள் வந்த வழி

எடோ காலத்து ஜப்பானில், அதாவது 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், கூடியிருந்து பேய்க்கதை சொல்வதே ஒரு விளையாட்டாக இருந்தது. நிலவில்லாத இரவாகப் பார்த்துச் சிலர் ஒரு வீட்டில் கூடுவார்கள். நீலத் தாள் ஒட்டிய விளக்கில் 100 திரிகளை ஏற்றி வைப்பார்கள். ஒருவர் ஒரு கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு திரியை அணைக்க வேண்டும். விளக்கை வேறோர் அறையில் வைத்துவிடும் வழக்கமும் உண்டு. அப்போது கதை சொன்னவர் எழுந்து, இருட்டில் தடவிக்கொண்டு தனியாக அந்த அறைக்குப் போய், ஒரு திரியை அணைத்து, அங்கே வைத்திருக்கும் கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கடைசித் திரி அணைந்ததும் உண்மையாகவே ஏதோ ஒன்று வந்து சேரும் என்பது நம்பிக்கை. அதனால் பலர் 99ஆவது கதையோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சிய ஒற்றைத் திரியின் வெளிச்சத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

‘ஹ்யகுமொனொகதாரி கய்தான்கய்’, நூறு கதைகளின் கூட்டம், என்று இதற்குப் பெயர். ‘கய்தான்’ என்பது விசித்திரமும் அச்சமும் கலந்த கதையைக் குறிக்கும் சொல். 1666இல் வெளியான அசாய் ரியோயின் ‘ஒதொகிபோகோ’ என்ற தொகுப்பு இந்தக் கூட்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதையே ஒரு கதையாகச் சொல்கிறது. கடைசித் திரிக்குப் பின் வரும் உருவத்துக்கு ‘ஆவோ அந்தோன்’, அதாவது நீல விளக்கு, என்று பெயரிட்டு 1781இல் தொரியாமா செக்கியென் படமே வரைந்தார். இந்த வழக்கத்தை இன்று ஒரு வீடியோ கேம் வடிவமைப்பாளரிடம் விவரித்தால், தன் தொழிலைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். இருண்ட நடை, குறைந்துகொண்டே வரும் வெளிச்சம், தன் கையாலேயே செய்தாக வேண்டிய ஒரு சிறு வேலை, தாண்டக்கூடாத ஓர் எல்லை என எல்லாமே அதில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் கேட்பவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பயத்தை நோக்கி அவரே எழுந்து நடந்தாக வேண்டும்.

ஜப்பானியப் பேய்க்கதைகள் கேம்களுக்குத் தந்தது என்ன என்று கேட்டால், பலரும் உருவத்தைத்தான் சொல்வார்கள். வெள்ளை உடை, முகத்தை மறைக்கும் அவிழ்ந்த கூந்தல், தரையைத் தொடாமல் மிதக்கும் உடல் ஆகியவை எல்லோருக்கும் பழகிப்போய்விட்டன. வெள்ளை உடை சவத்துக்கு உடுத்தும் உடை. கூந்தலை முடியாமல் விடுவதும் சாவுச் சடங்கின் பகுதியே. கால்கள் மங்கி மறையும் உருவத்தை 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்கியோவின் பெயரோடு இணைத்துச் சொல்வது மரபு. இந்த உருவம் கபுகி என்ற ஜப்பானிய நாடக மேடைக்கும், அங்கிருந்து சினிமாவுக்கும், பின்பு கேம்களுக்கும் வந்தது உண்மைதான். ஆனால் உருவம் எளிதாக இடம்பெயரும் பொருள். யாரும் அதை எடுத்து எங்கும் ஒட்டிவிடலாம். பேய்க்கதைகள் கேம்களுக்குத் தந்த பெரும் கொடை வேறு என்பது என் கருத்து: கதைக்குள் பேய்க்கும் மனிதருக்கும் இடையே இருந்த விதிகள், கேமில் விளையாடுபவரின் கைகளுக்கு விதிகளாக வந்து சேர்ந்தன.

இதைப் புரிந்துகொள்ள ஒக்கிகுவின் கதை போதும். ஒக்கிகு ஒரு பெரிய வீட்டின் பணிப்பெண். அந்த வீட்டின் பரம்பரைச் சொத்தான 10 தட்டுகளில் ஒன்று காணாமல் போகிறது அல்லது உடைகிறது. பழி அவள் மீது விழுகிறது. அவள் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்படுகிறாள் என்பது கதையின் பொது வடிவம். அதன்பின் ஒவ்வோர் இரவும் கிணற்றுக்குள்ளிருந்து தட்டுகளை எண்ணும் குரல் கேட்கிறது. ஒன்று, இரண்டு என்று தொடங்கி ஒன்பது வந்ததும் எண்ணிக்கை நின்றுவிடும். அதற்குப் பின் அழுகை. 1741இலேயே பொம்மலாட்ட மேடைக்கு வந்துவிட்ட இந்தக் கதைக்கு இன்றைய தோக்கியோவான எடோவில் ஒரு வடிவமும் ஹரிமா பகுதியில் இன்னொரு வடிவமும் உண்டு. ஹிமெஜி கோட்டைக்குள் ‘ஒக்கிகுவின் கிணறு’ என்று காட்டப்படும் கிணற்றை இன்றும் மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

இதன் சில வடிவங்களில் வரும் முடிவு என்னை எப்போதும் அசைத்துப் பார்ப்பது. கிணற்றருகே காத்திருக்கும் ஒருவர், அவள் ஒன்பது என்று சொல்லி மூச்சுவிடும் இடைவெளியில், “பத்து!” என்று உரக்கச் சொல்கிறார். அவ்வளவுதான், அந்த ஆவி அமைதியடைந்து மறைந்துவிடுகிறது. வாளோ மந்திரமோ அங்கே தேவைப்படவில்லை. அந்த ஆவி எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டு, விடுபட்டுப்போன ஒன்றை இட்டு நிரப்பிய மனிதர் அவர். சாகச கேம்களில் நாம் விடுவிக்கும் புதிர்களின் வடிவம் இதுவே.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் கதை மட்டும் இல்லை, வழிபாடும் இருக்கிறது. அநியாயமாகச் செத்தவரின் மனக்குறை உலகத்தில் தங்கிக் கேடு செய்யும் என்ற நம்பிக்கை ஜப்பானில் மிகப் பழையது. அப்படிப்பட்ட ஆவிக்கு ‘ஒன்ரியோ’ என்று பெயர். அறிஞரும் அமைச்சருமான சுகவாரா நோ மிச்சிசானே அரசியல் சூழ்ச்சியால் 901இல் கியூஷூ தீவுக்கு அனுப்பப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். அவரை வீழ்த்தியவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். 930இல் அரண்மனை மண்டபத்தின் மீதே இடி விழுந்தது. அவருடைய சினமே இது என்று அஞ்சிய அரசவை அவரைத் தெய்வமாக்கியது. கியோத்தோவின் கித்தானோ கோவிலில் குடியிருக்கும் அந்தத் தெய்வத்திடம்தான் இன்று மாணவர்கள் தேர்வில் வெற்றி வேண்டிப் போகிறார்கள். ஒன்ரியோவை விரட்டினால் தீராது, அதன் குறையை ஏற்றுக்கொண்டு ஓர் இடம் கொடுத்தால்தான் தீரும் என்ற பாடம் இவ்வாறு ஆயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணில் ஊறியிருக்கிறது.

1996இல் வந்த முதல் போக்கிமான் கேமை விளையாடிய சிறுவர்கள் இதைத் தெரியாமலேயே கற்றுக்கொண்டார்கள். போக்கிமான்கள் என்ற கற்பனை உயிரினங்களில் இறந்தவற்றைப் புதைத்த கோபுரத்தில் ஓர் ஆவி படிக்கட்டை மறித்து நிற்கும். அது யார் என்று தெரியாதவரை எந்தத் தாக்குதலும் பலிக்காது. அடையாளம் காட்டும் கருவி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்த பிறகுதான், கொல்லப்பட்டுக் குட்டியைத் தனியே விட்டுப்போன ஒரு தாய் அது என்று தெரியவரும். அதன் பிறகே அதை அமைதிப்படுத்த முடியும். எல்லாவற்றையும் பிடித்துப் பந்துக்குள் அடைக்கும் அந்த கேமில், இந்தத் தாயைப் பிடிக்க வழியே கிடையாது. குழந்தைகளுக்கான கேமில் யாரோ ஒருவர் இதை இத்தனை அக்கறையோடு வைத்திருக்கிறார் என்பது பெரிய விஷயம்.

அதற்கும் முன்பே, 1989இல் கேப்காம் நிறுவனம் ஃபேமிகாம் என்ற கேம் கருவிக்காக வெளியிட்ட ‘ஸ்வீட் ஹோம்’ வந்துவிட்டது. ஒரு பாழடைந்த மாளிகைக்குள் ஐந்து பேர் அகப்பட்டுக்கொள்ள, குழந்தையை இழந்த தாயின் ஆவி அவர்களை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் கதை. அந்தத் தாயின் கதையைத் துண்டு துண்டாகக் கண்டறிந்தால்தான் முடிவை நெருங்க முடியும். 1996இன் ‘ரெசிடென்ட் ஈவில்’ இந்த கேமை மறுபடி உருவாக்கும் திட்டமாகத்தான் தொடங்கியது. பூட்டிய மாளிகை, இறந்தவர் விட்டுச்சென்ற குறிப்புகள், போதாத கைப்பொருள் என்று இன்று உலகெங்கும் திகில் கேம்களின் இலக்கணமாகிவிட்டவை அந்தத் தாயின் வீட்டில் ஏற்கெனவே இருந்தவை.

பழைய மரபை வேறெந்த கேமையும்விட ஆழமாக உள்வாங்கியது ‘ஃபேட்டல் ஃபிரேம்’ என்றே சொல்வேன். ஜப்பானில் ‘ஸெரோ’ என்ற பெயரில் டெக்மோ நிறுவனம் 2001 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 2இல் வெளியிட்டது. இயக்கியவர் மகோத்தோ ஷிபாத்தா. 1986இல் நடக்கும் கதையில், மிக்கு என்ற பெண் காணாமல்போன தன் அண்ணனைத் தேடி ஹிமுரோ மாளிகைக்குள் நுழைகிறாள். அவள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் ஒரு பழைய கேமரா. ஆவிகளைப் படம் பிடித்தால் அவை வலுவிழக்கும்.

கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, விளையாடும்போது உடம்பை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய மரத்தளம் கிறீச்சிடும் நடையில் மிக்கு போய்க்கொண்டிருக்கிறாள். திரையின் ஓரத்தில் ஒரு சிறு இழை ஒளிர்கிறது. அது நீலமாக இருந்தால் ஆபத்தில்லாத தடயம், செம்மஞ்சளாக இருந்தால் தாக்க வரும் ஆவி. கேமராவை உயர்த்தியதும் பார்வை அவள் கண்ணுக்குள் போய்விடுகிறது. சுற்றிலும் எதுவும் தெரியாது, கால் நகர்வதும் மெதுவாகிவிடும். ஆவி சுவருக்குள் புகுந்து வேறு பக்கமாக வரும். அதைச் சட்டத்துக்குள் நிறுத்திப் பிடித்திருக்கும் நேரம் கூடக் கூடப் படத்தின் வலிமையும் கூடும். தூரத்திலிருந்து எடுத்தால் பெரிய பயனில்லை. முகம் முழுத்திரையையும் நிரப்பும் அளவுக்கு வந்து, கை நீட்டித் தொடப்போகும் அந்த ஒரு நொடியில் எடுக்கும் படமே மிக வலுவானது. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும் கணத்தில் கண்ணை அகலத் திறந்திருப்பவருக்கே வெற்றி என்று கேம் விதி வகுத்திருக்கிறது. வேறு அறைக்குப் போய்க் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு வா என்று எடோ காலத்துக் கூட்டம் சொன்னதும் இதைத்தான்.

மாளிகையின் நடுவில் இருப்பது கிரியே என்ற பெண்ணின் கதை. பாதாளத்தின் வாயிலை மூடி வைப்பதற்காக, கை கால் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துக் கொல்லப்படும் சடங்குக்கென்று சிறுவயதிலிருந்தே தனியே வைத்து வளர்க்கப்பட்டவள் அவள். வெளியுலக ஆசை மனதில் துளிர்த்துவிட்டதால் அந்தச் சடங்கு தோற்றுப்போகிறது. விளையாடுபவர் இந்தக் கதையை முன்பு வந்து மாண்டவர்களின் குறிப்புகளிலிருந்து ஒட்டுப்போட்டுத் தெரிந்துகொள்கிறார். முடிவில் கிரியே தன் கடமையை ஏற்று வாயிலைக் காக்க, அவள் தனித்துவிடக் கூடாது என்று மிக்குவின் அண்ணன் அங்கேயே தங்கிவிடுகிறான். கேமராவால் எத்தனை படம் எடுத்தாலும் தீராத ஒன்று, ஒருவர் துணைக்கு இருக்கச் சம்மதித்ததில் தீர்கிறது. கிணற்றடியில் “பத்து” என்று சொன்னவரும் இவனும் ஒரே மரபின் பிள்ளைகள்.

இந்தத் தொடரின் 2003ஆம் ஆண்டுப் பகுதி, அக்காள் தங்கையான இரட்டையரில் ஒருவர் மற்றவரின் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டிய ஒரு கிராமத்துச் சடங்கைப் பற்றியது. இரட்டையரில் பின்னால் பிறப்பவரே மூத்தவர், ஏனெனில் அவர் மற்றவருக்கு வழிவிட்டுக் காத்திருந்தார் என்ற பழைய நம்பிக்கையை அந்தக் கதை தன் அச்சாணியாக்கிக்கொண்டது.

இங்கே மேடையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான்காம் சுருயா நம்போகு எழுதிய ‘தோக்காய்தோ யோத்சுயா கய்தான்’ என்ற கபுகி நாடகம் 1825இல் எடோவின் நகமுரா அரங்கில் முதன்முதலாக ஏறியது. பக்கத்து வீட்டிலிருந்து மருந்தென்று சொல்லி அனுப்பப்பட்ட நஞ்சால் முகம் சிதைந்துபோகும் ஒய்வா, வெளியே கிளம்புவதற்காகக் கண்ணாடி முன் அமர்ந்து தலைவாருகிறாள். ஒவ்வொரு இழுப்புக்கும் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. பேயாவதற்கு முன்பே, மனுஷியாக இருக்கும்போதே, அவளைப் பார்க்கும் நம் நெஞ்சு உறைந்துவிடுகிறது. பின்னால் அவள் ஆவி எரியும் காகித விளக்கைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். ஆற்றில் மிதந்துவரும் கதவின் ஒரு பக்கத்தில் அவள் உடலும், திருப்பினால் மறுபக்கத்தில் இன்னொரு சவமும் இருக்க, இரண்டு வேடத்தையும் ஒரே நடிகர் தாங்குவார். பேயைக் காட்டுவது ஒரு பொறியியல் வேலை என்பதை அந்த மேடைக் கலைஞர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஒலியும் அப்படித்தான். கதை சொல்லி சன்யூத்தேய் என்ச்சோ சொன்ன ‘பொத்தான் தோரோ’ கதையில், இறந்த காதலி ஒவ்வோர் இரவும் பியோனி மலர் விளக்கோடு வருவதை அவளுடைய மரக்காலணியின் ‘கரான், கொரோன்’ என்ற ஒலியே அறிவிக்கும். ஆவிக்குக் கால் இல்லை என்று ஊரே நம்பிய காலத்தில் காலடியோசையால் பயமுறுத்தியவர் அவர். சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு 1884இல் அச்சேறிய அந்தக் கதையின் வரிகள் இன்றும் பேச்சை அப்படியே கேட்பதுபோல் இருக்கும். எழுத்தும் ஒலியும் மட்டும் கொண்டு கதை சொல்லும் ‘சவுண்ட் நாவல்’ வகையை சுன்சாஃப்ட் நிறுவனம் 1992இல் ‘ஒதொகிரிசோ’ மூலம் தொடங்கியபோது அந்தக் குரல் கேம்களுக்குள் நுழைந்தது.

அந்த வகையில் 1995இல் பன்பிரெஸ்டோ வெளியிட்ட ‘கக்கோ தே அத்தா கொவாய் ஹனாஷி’, பள்ளிக்கூடத்தில் நடந்த பயங்கரக் கதைகள் என்று பொருள்படும் கேம், தனித்துக் குறிப்பிட வேண்டியது. பள்ளிப் பத்திரிகைக்காகப் பேய்க்கதை சேகரிக்கப் போகும் மாணவன் முன் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழாவது ஆள் வரவில்லை. யார் முதலில் சொல்ல வேண்டும் என்பதை விளையாடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசை மாறினால் கதைகளும் மாறும். ஆட்கள் கூடிய அறை, ஒவ்வொருவராகச் சொல்லும் முறை, நிரம்பாத கடைசி எண் என்று நூறு கதைகளின் கூட்டம் அப்படியே பள்ளி சீருடையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

விதி என்று மேலே சொன்னதற்கு மிகத் தெளிவான சான்று, ஸ்கொயர் எனிக்ஸ் 2023இல் வெளியிட்ட ‘பாராநார்மசைட்’. இது தோக்கியோவின் சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள ஹொஞ்சோ பகுதியின் ‘ஏழு விந்தைகள்’ என்ற எடோ காலத்துக் கதைகளை அடிப்படையாகக் கொண்டது. அவற்றில் ஒன்று இப்படிப் போகும்: கால்வாயில் கூடை நிறைய மீன் பிடித்தவன் சாயங்காலம் வீடு திரும்பப் புறப்படும்போது, தண்ணீரிலிருந்து “வைத்துவிட்டுப் போ” என்று ஒரு குரல் கேட்கும், கூடையைப் பார்த்தால் ஒரு மீன்கூட இருக்காது. கேமில் ஒவ்வொரு விந்தையும் ஒரு சாபமாக ஒருவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சாபத்துக்கும் கொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் கால்வாய்க் கதையின் சாபம், தன்னைவிட்டு விலகிப் போக முயல்பவரைக் கொல்லும். எனவே எதிரில் நிற்பவரிடம் எப்படிப் பேசினால் அவர் எழுந்து போகத் தோன்றும், எதைச் சொல்லாமல் விட்டால் அவர் நிற்பார் என்பதே ஆட்டமாகிவிடுகிறது. முந்நூறு வார்த்தைக்குள் அடங்கும் ஒரு வாய்மொழிக் கதையின் உயிர்நிலையைத் தொட்டு, அதை ஒரு விதியாக மாற்றியவர்களின் வாசிப்பு நுட்பமானது.

‘சைரன்’ என்ற 2003ஆம் ஆண்டு கேம் வேறொரு வழியில் போனது. முன்பு ‘சைலன்ட் ஹில்’லை இயக்கிய கெய்ச்சிரோ தோயாமா, இதில் நவீனத்திலிருந்து துண்டிக்கப்பட்ட ஹனூதா என்ற மலைக்கிராமத்தை எடுத்துக்கொண்டார். அதன் வேரில் இருப்பது யாவோ பிகுனி என்ற துறவினியின் பழங்கதை: கடற்கன்னியின் இறைச்சியைத் தெரியாமல் தின்ற பெண் சாகவும் முடியாமல், மூப்பும் அடையாமல், உறவினர் ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்துக்கொண்டு 800 ஆண்டுகள் அலைகிறாள். பஞ்சத்தில் வானிலிருந்து விழுந்த ஓர் உயிரைத் தின்ற பெண்ணாக அவளை மாற்றி, அவளுடைய முடிவில்லாத குற்ற உணர்வின் மேல் முழுக் கதையையும் தோயாமா கட்டினார். அதே துறவினியின் பெயர் 2019இன் ‘செகிரோ’விலும், சாகாவரம் பெற்றுச் சீரழிந்த ஒரு காவல் துறவியின் பெயராக எதிரொலிக்கிறது.

எல்லா கேம்களிலும் இந்த உறவு இதே ஆழத்தில் நிற்பதில்லை. ‘நியோ’ போன்ற வாள்சண்டை கேம்களில் பழங்கதை உருவங்கள் அழகாகவும் விரிவாகவும் வரையப்பட்டிருந்தாலும், பெரும்பாலும் அவை வெட்டிக் கடக்க வேண்டிய எதிரிகளே. 2022இல் வந்த ‘கோஸ்ட்வயர்: டோக்கியோ’ இரண்டு பக்கமும் நிற்கிறது. தோக்கியோவின் ஷிபுயா தெருக்களில் அலையும் ஆவிகளைக் காகிதப் பொம்மைகளில் ஏந்திப் பொதுத் தொலைபேசி வழியாக நகரத்துக்கு வெளியே அனுப்பி மீட்பது மரபின் மனமறிந்த கற்பனை. வேலைச் சுமையால் ஒடிந்தவர்களின் மனத்திலிருந்து பிறந்த குடைபிடித்த அலுவலக ஆவிகளும் அப்படியே. இன்றைய மனக்குறை இன்றைய உருவத்தில் வந்திருக்கிறது. ஆனால் அதே கேமில் வரும் ‘குச்சிசாகே ஒன்னா’, வாய் கிழிந்த பெண், எனக்கு ஏமாற்றம் தந்தாள். 1979இல் ஜப்பான் முழுதும் பள்ளிப் பிள்ளைகளைத் தெருவில் தனியே நடக்க அஞ்ச வைத்த வதந்தி அவளுடையது. “நான் அழகாக இருக்கிறேனா?” என்று அவள் கேட்பாள், ஆம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து, சுமாராக இருக்கிறாய் என்று சொல்லி அவளைக் குழப்பிவிட்டோ, மிட்டாயை வீசிவிட்டோ தப்பி ஓட வேண்டும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொண்டார்கள். அந்தக் கேள்விதான் அவளுடைய உயிர். கேமில் அவள் பெரிய கத்தரிக்கோலோடு பாயும் எதிரியாகச் சுருங்கிவிட்டாள்.

கனடாவில் உருவான ‘டெட் பை டேலைட்’ கேம் இந்த இடத்தில் கவனமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிணற்றிலிருந்து எழுந்துவரும் சினிமா ஆவியான சதாக்கோவை 2022இல் அது சேர்த்துக்கொண்டபோது, ‘ஒன்ரியோ’ என்ற சொல்லையே அவளுக்குப் பட்டமாக வைத்தது. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வீடியோ நாடாவை எடுத்துச் சுமந்துபோய் இன்னொரு பெட்டியில் சேர்த்தால்தான் சாபத்தின் பிடி தளரும் என்று விதி வகுத்தது. ஒக்கிகுவின் கிணற்றுக்கும் இந்தக் கிணற்றுக்கும் உள்ள உறவை ஜப்பானியப் பார்வையாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள்.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இல்லை என்பதற்கு ஹிமுரோ மாளிகையே சாட்சி. ‘ஃபேட்டல் ஃபிரேம்’ 2002இல் அமெரிக்காவில் வெளியானபோது, உண்மைக் கதையை அடிப்படையாகக் கொண்டது என்று அதன் உறையில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்தவர்கள் தேடத் தொடங்கினார்கள். தோக்கியோவுக்கு வெளியே பாறைமலைகளுக்கு நடுவில் அப்படியொரு மாளிகை இருந்தது, அங்கே ஒரு குடும்பமே கொல்லப்பட்டது, சுவரில் இன்னும் இரத்தக் கறை இருக்கிறது என்று இணையத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் கூட்டிச் சொன்னார். அப்படி ஒரு வீடு இருந்ததற்குச் சான்று எதுவும் வெளிவந்ததில்லை. ஆனாலும் கயிற்றுத் தடம் பதிந்த மணிக்கட்டுகளோடு அங்கே ஒரு பெண் நிற்பதாக, அந்த கேமை ஒருநாளும் விளையாடாதவர்கள்கூட இரவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.